காந்தத் திரிபு நிலை உணரிகள்: இயங்கும் விதமும் பொருத்தும் முறையும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹைட்ராலிக் சிலிண்டருக்குள் பிஸ்டன் இப்போது எந்த இடத்தில் நிற்கிறது என்பதை வெளியிலிருந்து யாராலும் பார்க்க முடியாது. இன்ஜெக்‌ஷன் மோல்டிங் இயந்திரம், உருக்காலையின் உருளைகள், நீர்மின் நிலைய விசையாழியின் வாயிற்கதவுகள் என்று அந்த இடத்தைத் துல்லியமாக அறிந்தே ஆக வேண்டிய இயந்திரங்கள் பல உள்ளன. அவற்றில் பெரும்பாலும் பொருத்தப்படுவது, விவரத்தாள்களில் மேக்னெட்டோஸ்ட்ரிக்டிவ், அதாவது காந்தத் திரிபு வகை, என்று குறிப்பிடப்படும் நேர்கோட்டு நிலை உணரியாகும். பராமரிப்புப் பணியில் இருப்போரும் சிலிண்டர் வடிவமைப்போரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் கீழே தரப்படுகின்றன.

இந்த உணரி உண்மையில் எதை அளக்கிறது?

நேரத்தை அளக்கிறது. கம்பி ஒன்றின் வழியே ஓர் அலை ஓடி வருவதற்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்பதைக் கணக்கிட்டு, அதை அலையின் வேகத்தால் பெருக்கித் தூரமாக மாற்றித் தருகிறது. இடிமுழக்கம் காதில் விழப் பிடித்த நேரத்தைக் கொண்டு மின்னல் எவ்வளவு தொலைவில் வெட்டியது என்று கணிப்பதும் இதே கணக்குதான். இந்த ஒரு செய்தியை மனத்தில் இருத்திக்கொண்டால், பின்வரும் விதிகளில் பெரும்பாலானவற்றை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவை இராது. அலைக்கு எது இடையூறு, காந்தப்புலத்திற்கு எது இடையூறு, நேரக் கணக்கிற்கு எது இடையூறு என்று யோசித்தாலே விதி தானாகக் கிடைத்துவிடும்.

காந்தத் திரிபு என்றால் என்ன?

இரும்பு, நிக்கல், கோபால்ட் போன்ற உலோகங்களும் அவற்றின் கலவைகளும் காந்தப்புலத்தில் வைக்கப்படும்போது தம் அளவில் மிக நுண்ணிய மாற்றம் அடைகின்றன. இரும்பில் இதை 1842இல் கவனித்துப் பதிவு செய்தவர் ஆங்கிலேய அறிவியலாளர் ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல். மாற்றம் ஒரு மீட்டருக்குச் சில மைக்ரான் என்ற அளவிலேயே இருப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் காதுக்குக் கேட்கும். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் ஓயாமல் ரீங்காரமிடுவதற்கு முதன்மையான காரணம், அதன் இரும்புத் தகடுகள் மாறுமின்னோட்டத்தின் ஒவ்வொரு அரைச்சுற்றிலும் நீண்டு சுருங்குவதுதான். காந்தப்புலம் எந்தத் திசையில் இருந்தாலும் நீட்சி ஒன்றே என்பதால், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அந்த ரீங்காரத்தின் அடிப்படை அதிர்வெண் 100 ஹெர்ட்ஸாக இருக்கிறது.

இந்த உணரிக்கு வேண்டியவை அதனுடன் தொடர்புள்ள வேறு இரண்டு விளைவுகள். கம்பியின் நீளவாக்கில் ஒரு காந்தப்புலம் இருக்கும்போது அதே கம்பியில் மின்னோட்டம் பாய்ந்தால் கம்பி முறுக்கிக்கொள்ளும். இது வீடெமன் விளைவு. அதற்கு மறுதலையாக, காந்தத்தன்மை கொண்ட உலோகத்தை அழுத்தினாலோ இழுத்தாலோ அதன் காந்தப் பண்பு மாறும். இத்தாலிய இயற்பியலாளர் எமிலியோ வில்லாரி 1865இல் கண்டறிந்த இது வில்லாரி விளைவு. முதலாவது அலையை உண்டாக்கப் பயன்படுகிறது, இரண்டாவது அந்த அலையைக் கேட்கப் பயன்படுகிறது.

உணரிக்குள் படிப்படியாக என்ன நடக்கிறது?

உணரியின் உயிர்நாடி, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனுள்ள நிக்கல்–இரும்புக் கலவைக் கம்பி. இதை அலைக்கம்பி என்று அழைப்போம். இது காந்தத்தன்மையற்ற துருப்பிடிக்காத எஃகுக் குழாயினுள் பாதுகாப்பாக வைக்கப்பட்டிருக்கும். அளக்கப்பட வேண்டிய உறுப்பில், அதாவது பிஸ்டனில், ஒரு நிரந்தரக் காந்த வளையம் பொருத்தப்பட்டிருக்கும். அது குழாயைத் தொடாமல் அதைச் சூழ்ந்தபடி நகரும்.

உணரியின் தலைப்பகுதியிலுள்ள மின்னணுச் சுற்று, ஓரிரு மைக்ரோ வினாடி மட்டுமே நீடிக்கும் மின்துடிப்பு ஒன்றை அலைக்கம்பிக்குள் செலுத்துகிறது. துடிப்பு ஓடும்போது கம்பியைச் சுற்றி வட்டவடிவக் காந்தப்புலம் எழுகிறது. காந்த வளையம் நிற்கும் இடத்தில் மட்டும், வளையத்தின் நீளவாக்குப் புலமும் இந்த வட்டப்புலமும் சேர்ந்து திருகுசுருள் வடிவம் கொள்கின்றன. அந்த இடத்தில் கம்பி கணநேரம் முறுக்கிக்கொள்கிறது. முறுக்கு அங்கேயே நின்றுவிடுவதில்லை. ஒலியலையைப் போல இருபுறமும் ஓடத் தொடங்குகிறது. கடைக்கோடியை நோக்கி ஓடும் அலை அங்குள்ள தணிப்பானில் அடங்கிவிட, தலைப்பகுதியை நோக்கி ஓடும் அலை அங்கே காத்திருக்கும் சுருளில் வில்லாரி விளைவின் மூலம் சிறிய மின்னழுத்தத்தை எழுப்புகிறது. துடிப்பு கிளம்பிய நொடிக்கும் இந்த மின்னழுத்தம் எழுந்த நொடிக்கும் இடைப்பட்ட நேரமே அளவீடு.

அவ்வளவு சிறிய நேரத்தை அளந்து மைக்ரான் அளவுத் துல்லியம் பெற முடியுமா?

முறுக்கலை அலைக்கம்பியில் வினாடிக்கு ஏறத்தாழ 2,830 மீட்டர் வேகத்தில் செல்கிறது. எனவே ஒரு மீட்டருக்குச் சுமார் 353 மைக்ரோ வினாடியும் ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் 0.35 மைக்ரோ வினாடியும் ஆகும். ஒரு மைக்ரானைப் பிரித்தறிய வேண்டுமானால் 0.35 நானோ வினாடியைப் பிரித்தறிய வேண்டும். ஒளியே அந்த நேரத்தில் ஒரு சாண் தூரம்கூடக் கடக்காது. துடிப்புகளை எண்ணும் சாதாரண மின்சுற்றுகளால் இது ஆகாது. நேர இடைவெளியை நேரடியாக எண்மதிப்பாக மாற்றும் தனி நுண்சில்லுகளும், பல அளவீடுகளின் சராசரியை எடுக்கும் உத்தியும் இதைச் சாத்தியமாக்குகின்றன.

பிரிதிறன் வேறு, துல்லியம் வேறு என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். விவரத்தாளில் 1 மைக்ரான் என்று பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருப்பது பிரிதிறன். அதே தாளில் சற்றுத் தள்ளி, நேர்கோட்டு விலகல், அதாவது காட்டும் அளவு உண்மையான இடத்திலிருந்து விலகக்கூடிய அளவு, முழு அளவில் 0.01 விழுக்காடு என்று இருந்தால், ஒரு மீட்டர் நீள உணரியில் அது 0.1 மி.மீ. ஆகும். இயந்திரப் பணிகளில் பெரும்பாலும் நமக்கு உண்மையாகத் தேவைப்படுவது, ஒரே இடத்திற்குத் திரும்பத் திரும்ப வரும்போது ஒரே எண்ணைக் காட்டும் மீள்திறன். இந்த வகை உணரியின் பலமும் அதில்தான் இருக்கிறது. அதன் மதிப்பு முழு அளவில் ஏறத்தாழ 0.001 விழுக்காடு என்று குறிப்பிடப்படுவது வழக்கம்.

இந்த நுட்பம் தொழிற்சாலைக்கு எப்படி வந்தது?

கம்பியில் முறுக்கலையை ஓடவிடும் வழக்கம் அளவீட்டுக்கு முன்பே கணினியில் இருந்தது. செய்தியைத் துடிப்புகளாகக் கம்பிச் சுருளின் ஒரு முனையில் விட்டு, மறுமுனையில் எடுத்து, மீண்டும் முதல் முனைக்கே அனுப்பிக்கொண்டிருந்தால் அது நினைவகமாகிவிடும். ஒலிவெட்டி நிறுவனம் 1965இல் வெளியிட்ட புரோகிராமா 101 என்ற மேசைக் கணிப்பொறியின் நினைவகம் இத்தகைய கம்பிதான். அங்கே தாமதம் மாறாமல் இருக்க வேண்டும். இங்கே காந்தம் நகர நகரத் தாமதம் மாற வேண்டும். நகரும் காந்தத்தையும் அலைக்கம்பியையும் இணைத்துத் தூரம் அளக்கும் கருவிக்கு ஜேக்கப் டெல்லர்மன் 1975இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். டெம்போசானிக்ஸ் என்ற வணிகப் பெயர் அந்த வழியில் வந்ததே.

மின்தடைப் பட்டை, எல்விடிடி, கண்ணாடி அளவுகோல் ஆகியவை இருக்க இது எதற்கு?

மின்தடைப் பட்டையில், அதாவது பொட்டென்ஷியோமீட்டரில், உராயும் முனை தேய்ந்துபோகும். இதில் தொடர்பே இல்லாததால் தேய்மானம் இல்லை. எல்விடிடி, அதாவது கம்பிச் சுருள்களுக்குள் நகரும் இரும்பு உள்ளகத்தைக் கொண்டு இடத்தை அளப்பது, மிகச் சிறந்த கருவி என்றாலும் நீண்ட வீச்சுக்கு அதன் உடலும் நீண்டுகொண்டே போகும். கண்ணாடியில் பொறித்த நுண்கோடுகளை ஒளியால் படிக்கும் கண்ணாடி அளவுகோல் துல்லியத்தில் இதைவிட உயர்ந்தது; ஆனால் எண்ணெய்க்குள் 350 பார் அழுத்தத்தில் அதை வைக்க முடியாது. கடைசல் இயந்திரத்தின் மேசையைச் சில மைக்ரானுக்குள் நிறுத்த வேண்டியவர் கண்ணாடி அளவுகோலையே நாட வேண்டும்.

மின்சாரம் போய்த் திரும்பி வந்தால் மீண்டும் தொடக்கப் புள்ளிக்குக் கொண்டுபோக வேண்டுமா?

வேண்டியதில்லை. ஒவ்வொரு அளவீடும் புதிதாகத் தலைப்பகுதியிலிருந்து எடுக்கப்படும் முழுத் தூரம் என்பதால், மின்சாரம் இல்லாத நேரத்தில் யாராவது பிஸ்டனை நகர்த்தியிருந்தாலும், மின்சாரம் வந்தவுடன் சரியான இடத்தையே காட்டும்.

உணரியின் நீளத்தை எப்படிக் கணக்கிடுவது?

பிஸ்டனின் வீச்சு 300 மி.மீ. என்றால் 300 மி.மீ. உணரி வாங்கினால் போதும் என்பது உண்மைதான். ஆனால் விலைப்பட்டியலில் உள்ள அந்த 300 என்பது அளக்கக்கூடிய பகுதி மட்டுமே. குழாயின் மொத்த நீளம் அதைவிடக் கூடுதல். தலைப்பகுதிக்கு மிக அருகில் காந்தம் வந்தால், மின்துடிப்பின் சலசலப்பு அடங்குவதற்குள் அலை வந்து சேர்ந்துவிடும். கடைக்கோடியில் தணிப்பானுக்கு இடம் வேண்டும். எனவே இருமுனைகளிலும் அளக்க இயலாத பகுதிகள் உண்டு. பரவலாகப் புழங்கும் தண்டுவகை மாதிரிகளில் முன்பக்கம் ஏறத்தாழ 51 மி.மீ., பின்பக்கம் ஏறத்தாழ 63.5 மி.மீ. ஒதுக்கப்படுகின்றன. அந்தக் கணக்கின்படி, 300 மி.மீ. வீச்சுக்கு தலைப்பகுதியின் விளிம்புக்குக் கீழே உள்ள குழாயின் நீளம் சுமார் 414 மி.மீ. வரும். சிலிண்டர் வரைபடத்தில் அடிக்கடி காணப்படும் தவறு, முழுமையாக உள்ளிழுத்த நிலையில் காந்தம் அந்த முதல் 51 மி.மீ.க்குள் நுழைந்துவிடும்படி பிஸ்டனை வரைவது. சிலிண்டர் செய்து முடித்த பிறகு இதைத் திருத்துவது பெரும் செலவு என்பதால், துளையிடுவதற்கு முன்பே உணரித் தயாரிப்பாளரின் வரைபடத்தைச் சிலிண்டர் வரைபடத்தின்மேல் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

சிலிண்டருக்குள் பொருத்த என்னென்ன துளைகள் வேண்டும்?

உணரி சிலிண்டரின் பின்மூடி வழியாக உள்ளே செல்கிறது. மூடியில் எம்18×1.5 அல்லது முக்கால் அங்குல மரை வெட்டி, எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் உட்காரும் சாய்வை அதற்குரிய தரவரைவின்படி கடைந்திருக்க வேண்டும். குழாயின் விட்டம் ஏறத்தாழ 10 மி.மீ.; அது நுழைவதற்குப் பிஸ்டன் ராடின் மையத்தில் குறைந்தது 12.7 மி.மீ. விட்டமுள்ள ஆழ்துளை வேண்டும். இந்த இடைவெளி இரண்டு காரணங்களுக்காக: குழாய் ராடின் சுவரில் உராயக்கூடாது, ராடு உள்வரும்போது துளைக்குள் சிக்கும் எண்ணெய் வெளியேற வழி வேண்டும். துளையின் ஆழம், முழுமையாக உள்ளிழுத்த நிலையில் குழாயின் முனை துளையின் அடியில் இடிக்காத அளவுக்கு இருக்க வேண்டும். நீண்ட ராடில் இத்துளை மையத்திலிருந்து சற்றே விலகிப் போனாலும், பிஸ்டன் ஓடும்போது குழாயை ஒருபக்கமாகத் தள்ளி வளைத்துவிடும். ஆகவே துளையிடும் பணிமனையைத் தேர்ந்தெடுப்பதில் சிக்கனம் பார்ப்பது சரியல்ல.

காந்த வளையம் பிஸ்டனின் முகப்பில் குடையப்பட்ட குழியில் அமரும். வழக்கமான வளையம் ஏறத்தாழ 33 மி.மீ. வெளிவிட்டமும் 13.5 மி.மீ. உள்விட்டமும் கொண்டது. அதை நான்கு சிறிய திருகுகளால் இறுக்குவார்கள்.

அந்தத் திருகுகள் ஏன் பித்தளையாகவோ துருப்பிடிக்காத எஃகாகவோ இருக்க வேண்டும்?

சாதாரண எஃகு காந்தப்புலத்தைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். வளையம் நேரடியாக எஃகுப் பிஸ்டனின்மேல் அமர்ந்தால், அலைக்கம்பியை அடைய வேண்டிய புலத்தில் பெரும்பகுதி பிஸ்டனுக்குள்ளேயே சுற்றி முடிந்துவிடும். கம்பியில் முறுக்கு வலுவிழக்கும், சில வேளைகளில் அலையே எழாது. எனவே வளையத்துக்கும் எஃகுக்கும் இடையே பித்தளை, அலுமினியம், பொறியியல் பிளாஸ்டிக், அல்லது 304, 316 வகைத் துருப்பிடிக்காத எஃகினாலான ஸ்பேசர் ஒன்று வைக்கப்பட வேண்டும். அதன் தடிமன் குறைந்தது 5 மி.மீ. என்பது பலரும் கடைப்பிடிக்கும் அளவு. ஸ்பேசரைக் கவனமாக வைத்துவிட்டு, கைக்குக் கிடைத்த சாதாரண எஃகுத் திருகுகளால் வளையத்தை இறுக்கிய சிலிண்டர் ஒன்றைத் திறந்து பார்க்க நேர்ந்தது. உணரி பழுது என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். திருகுகளை மாற்றியதும் அதே உணரி ஒழுங்காக வேலை செய்தது. துருப்பிடிக்காத எஃகிலும் 400 வரிசை வகைகள் காந்தத்தால் ஈர்க்கப்படும் என்பதால், பெயரை நம்பாமல் ஒரு சிறு காந்தத்தை ஒட்டிப் பார்த்துவிடலாம்.

பொருத்தும்போது எதில் கவனம் வேண்டும்?

முதலில் பம்பை நிறுத்தி, அழுத்தத்தைச் சேமித்து வைக்கும் கலமான அக்குமுலேட்டரில் தேங்கியிருக்கும் அழுத்தத்தையும் சேர்த்து முழுமையாக வெளியேற்றி, மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டிட வேண்டும். அழுத்தம் மிச்சமிருக்கும் சிலிண்டரில் உணரியின் மரையைக் கழற்றுவது உயிருக்கே ஆபத்தானது.

அடுத்து, குழாய் நேராக இருக்கிறதா என்று தட்டையான பரப்பின்மேல் உருட்டிப் பார்க்க வேண்டும். ஓ-ரிங்குக்குச் சிறிது எண்ணெய் தடவி, உணரியைக் கையால் மரையேற்றி, அறுகோண விளிம்பில் மட்டும் ஸ்பேனர் போட்டு, விவரத்தாளில் சொன்ன திருகுவிசைக்கு டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். மின்னணுப் பெட்டியைப் பிடித்துத் திருப்பக்கூடாது. உள்ளே போக மறுக்கும் குழாயைச் சுத்தியலால் தட்டி இறக்குவதை நான் ஒருமுறைக்கு மேல் கண்டிருக்கிறேன். அலைக்கம்பி அந்த அடியைத் தாங்குவதில்லை. கிடைமட்டமாகப் பொருத்தப்படும் நீண்ட உணரிகள், குறிப்பாக ஒரு மீட்டரைத் தாண்டியவை, தம் எடையால் தொய்யும். திறந்த வெளியில் பொருத்தும்போது அவற்றைக் காந்தத்தன்மையற்ற தாங்கிகளால் இடையிடையே தாங்க வேண்டும். முழு வளையம் தாங்கிகளில் மோதும் என்பதால் ஒருபக்கம் திறந்த வளையத்தைப் பயன்படுத்த வேண்டும்.

சிலிண்டரிலோ இயந்திரச் சட்டத்திலோ வெல்டிங் செய்வதாக இருந்தால், அதற்கு முன்பே உணரியின் இணைப்பானைக் கழற்றிவிடுவது அவசியம்.

சிலிண்டருக்கு வெளியே பொருத்தும் வகையும் உண்டா?

உண்டு. அலைக்கம்பி ஓர் அலுமினியச் சட்டத்தினுள் இருக்கும். காந்தம் அச்சட்டத்தின் பள்ளத்தில் சறுக்கும் கட்டையாகவோ, சில மில்லிமீட்டர் உயரத்தில் மிதந்தபடி செல்லும் கட்டையாகவோ இருக்கும். சிலிண்டரைத் துளையிட வேண்டியதில்லை என்பதால் பழைய இயந்திரங்களுக்கு இதுவே எளிது. மிதக்கும் வகையில் இடைவெளி வீச்சு முழுவதும் ஒரே சீராக இருக்க வேண்டும். சறுக்கும் வகையில் இணைப்புக் கம்பியின் இரு முனைகளிலும் பந்து மூட்டு இருந்தால் சிறு கோணல்களை அது ஏற்றுக்கொள்ளும்.

கேபிளும் எர்த்தும் ஏன் இவ்வளவு வலியுறுத்தப்படுகின்றன?

சுருளில் எழும் மின்னழுத்தம் மிகச் சிறியது. அதன் விளிம்பு எந்தக் கணத்தில் வந்தது என்பதே அளவீடு. பக்கத்தில் ஓடும் மோட்டார் கேபிளிலிருந்து இரைச்சல் புகுந்தால் அந்தக் கணம் முன்பின்னாகும், காட்டும் இடம் குதிக்கும். அதிர்வெண் மாற்றிகளால் இயக்கப்படும் மோட்டார்களின் கேபிள்கள் இதில் முதன்மைக் குற்றவாளிகள். உணரியின் கேபிளைத் தனிப்பாதையில் கொண்டுசெல்ல வேண்டும். குறுக்கே கடந்தே ஆக வேண்டுமெனில் செங்குத்தாகக் கடக்க வேண்டும். இரட்டை முறுக்கு இணைகளும் உலோகக் கவசமும் கொண்ட கேபிளையே பயன்படுத்த வேண்டும். கவசத்தை எந்த முனையில் எர்த் செய்வது என்பதில் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வேறுபாடு உண்டு: அனலாக் வெளியீட்டில் பெரும்பாலும் கட்டுப்பாட்டுப் பெட்டி முனையில் மட்டும் என்றும், வேறு சிலவற்றில் இணைப்பானின் உலோக உடல் வழியாக இரு முனைகளிலும் என்றும் சொல்லப்படும். எதுவாயினும், சிலிண்டர் உடலுக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் இடையே நல்ல எர்த் இணைப்பு இருக்க வேண்டும். வண்ணப்பூச்சின்மேல் இறுக்கிய போல்ட்டை எர்த் என்று கொள்ள முடியாது.

எந்த வெளியீட்டைத் தேர்ந்தெடுப்பது?

0–10 வோல்ட், 4–20 மில்லியாம்பியர் ஆகிய அனலாக் வெளியீடுகளும், எஸ்எஸ்ஐ, கேன்ஓப்பன், புரோஃபிநெட், ஈதர்கேட், ஐஓ-லிங்க் போன்ற எண்முறை வெளியீடுகளும் கிடைக்கின்றன. தொலைவு அதிகமென்றால் வோல்ட்டைவிட மில்லியாம்பியர் நல்லது. கேபிள் அறுந்தால் மின்னோட்டம் 4க்குக் கீழே விழுவதால், இயந்திரத்தை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினியான பிஎல்சி அதை உடனே கண்டுகொள்ளும். ஆனால் அனலாக்கில் ஒரு மறைமுக இழப்பு உண்டு. பிஎல்சியின் உள்ளீட்டு அட்டை 12 பிட் என்றால் அது 4,096 படிகளை மட்டுமே அறியும். ஒரு மீட்டர் வீச்சில் ஒரு படி ஏறத்தாழ 0.24 மி.மீ. ஆகிறது. மைக்ரான் உணரிக்குப் பணம் கொடுத்துவிட்டு அதை அந்த அட்டையில் இணைப்பது, தங்கம் நிறுக்கும் தராசைக் காய்கறிக் கடையில் வைப்பது போன்றது.

ஸ்டார்ட்/ஸ்டாப் என்ற வெளியீட்டுக்கு ஒரு தனி எச்சரிக்கை. அதில் உணரி தொடக்கத் துடிப்பையும் முடிவுத் துடிப்பையும் மட்டுமே அனுப்பும்; தூரத்தைக் கட்டுப்பாட்டுக் கருவிதான் கணக்கிடும். ஒவ்வோர் அலைக்கம்பியிலும் அலையின் வேகம் சிறிது வேறுபடும் என்பதால், அந்தக் குறிப்பிட்ட உணரிக்கான வேக மதிப்பு அதன் பெயர்த்தகட்டில் அச்சிடப்பட்டிருக்கும். உணரியை மாற்றும்போது புதிய மதிப்பைக் கட்டுப்பாட்டுக் கருவியில் பதியாமல் விட்டால், ஒரு முனையில் சரியாகவும் மறுமுனையில் தவறாகவும் காட்டும்.

வேகமாக ஓடும் பிஸ்டனை இது சரியாகப் பின்தொடருமா?

அலை திரும்பி வந்த பிறகே அடுத்த துடிப்பை அனுப்ப முடியும். ஒரு மீட்டருக்கு 353 மைக்ரோ வினாடி என்றால், 5 மீட்டர் உணரியில் அலைப்பயணத்துக்கு மட்டும் ஏறத்தாழ 1.8 மில்லி வினாடி பிடிக்கும். நீளம் கூடக்கூட, வினாடிக்கு எடுக்கக்கூடிய அளவீடுகள் குறைவது இயற்பியலின் எல்லை. பணம் கொடுத்து வாங்கித் தாண்டிவிட முடியாது. வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் பிஸ்டன் ஒரு மில்லி வினாடியில் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்துவிடும் என்பதால், அளவீட்டைப் பார்த்து எண்ணெய் ஓட்டத்தை உடனுக்குடன் திருத்தும் சர்வோ வால்வுடன் இணைந்த மூடிய கட்டுப்பாட்டில் இந்தத் தாமதத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வெப்பநிலை எவ்வளவு பாதிக்கும்?

அலையின் வேகம் கம்பியின் விறைப்பையும் அடர்த்தியையும் சார்ந்தது. இரண்டும் வெப்பத்தால் சிறிது மாறும். இதற்காகவே வெப்பத்தால் குறைவாகப் பாதிக்கப்படும் கலவைகள் கம்பிக்குத் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. விவரத்தாளில் ஒரு பாகைக்குப் பத்து இலட்சத்தில் 15 பங்கு என்றிருந்தால், ஒரு மீட்டரில் 30 பாகை ஏற்றத்துக்கு 0.45 மி.மீ. விலகல் வரும். காலையில் குளிர்ந்த எண்ணெயோடு சுழியம் வைத்துவிட்டு, மதியம் எண்ணெய் சூடான பிறகு அளவு தவறுகிறது என்று குறைபட்டுக்கொள்வதைவிட, இயந்திரம் வழக்கமான வெப்பநிலையை அடைந்த பின் சுழியம் வைப்பது பொருத்தமானது. மின்னணுத் தலைப்பகுதிதான் வெப்பத்துக்கு முதலில் பலியாகும். உலை அருகே பொருத்துவோர் தலைப்பகுதியைக் கேபிளால் பிரித்துத் தள்ளி வைக்கும் மாதிரிகளைப் பார்க்கலாம்.

ஒரே உணரியில் இரண்டு காந்தங்களை வைக்கலாமா?

அதற்கான மாதிரியாக இருந்தால் வைக்கலாம். ஒரே துடிப்புக்கு ஒவ்வொரு காந்தமும் ஓர் அலையை எழுப்பும். அருகிலிருப்பதன் அலை முதலில் வந்து சேரும். இரண்டு அலைகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமலிருக்கக் காந்தங்களுக்கிடையே குறைந்தபட்ச இடைவெளி தேவை. பல மாதிரிகளில் அது 75 மி.மீ. ஆகும்.

அளவீடு குதிக்கிறது, அல்லது உறைந்து நிற்கிறது. எங்கிருந்து தேடுவது?

மோட்டார் ஓடும்போது மட்டும் குதித்தால் கேபிள் பாதையையும் எர்த்தையும் பார்க்க வேண்டும். மோட்டார் நின்றிருந்தும் ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் தடுமாறினால், குழாய் வளைந்திருக்கலாம், அல்லது காந்த வளையத்தில் இரும்புத் துகள்கள் ஒட்டியிருக்கலாம். முழு அளவையோ பிழை எண்ணையோ காட்டி உறைந்துவிட்டால், காந்தம் பிஸ்டனிலிருந்து கழன்றிருக்கலாம், அல்லது அளக்க இயலாத பகுதிக்குள் சென்றிருக்கலாம். உணரியை வெளியே எடுத்தபின், மற்றொரு வளையத்தைக் குழாயில் கோத்துக் கையால் மெல்ல நகர்த்திப் பார்ப்பது மிகச் சிறந்த சோதனை. அப்போது எண்கள் சீராக ஏறி இறங்கினால் உணரி நலமாக இருக்கிறது. பழுது சிலிண்டருக்குள்ளோ கேபிளிலோ உள்ளது.

பழுதான உணரியை மாற்ற எண்ணெய் முழுவதையும் வடிக்க வேண்டுமா?

பல தண்டுவகை மாதிரிகளில் அழுத்தம் தாங்கும் வெளிக்குழாயும், அலைக்கம்பியோடு கூடிய உள்பகுதியும் தனித்தனியானவை. வெளிக்குழாயைச் சிலிண்டரிலேயே விட்டுவிட்டு, உள்பகுதியை மட்டும் உருவிப் புதியதைச் செருகலாம். எண்ணெய் ஒரு சொட்டும் சிந்தாது. வாங்கும்போதே இந்த வசதி உண்டா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

பெட்ரோல் பங்கின் நிலத்தடித் தொட்டியில் இருப்பதும் இதே கருவிதானா?

பல பங்குகளின் தானியங்கித் தொட்டி அளவீட்டில் இதே கொள்கைதான். உணரி செங்குத்தாகத் தொட்டிக்குள் இறக்கப்பட்டிருக்கும். காந்தம் மிதவைக்குள் இருக்கும். மேல் மிதவை எரிபொருளின் பரப்பில் நிற்க, எரிபொருளைவிடக் கனமாகவும் நீரைவிட இலேசாகவும் செய்யப்பட்ட கீழ் மிதவை, அடியில் தேங்கிய நீரின் பரப்பில் நிற்கும். கருவி இரண்டு உயரங்களைத் தர, தொட்டிக்குரிய அட்டவணை அவற்றை லிட்டராக மாற்றுகிறது. எத்தனால் கலந்த பெட்ரோலில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு. நீர் எத்தனாலோடு கலந்துவிடுவதால், சிறிதளவு நீர் தனி அடுக்காகப் படியாமலே இருந்துவிடும். அளவு மீறிப் பிரிந்து படியும் அடுக்கும் எத்தனாலைச் சுமந்திருப்பதால் தூய நீரைவிட இலேசாக இருக்கும். தூய நீருக்கென்று எடை அமைக்கப்பட்ட மிதவை அந்த அடுக்கின்மேல் எழும்பாமல் அடியிலேயே கிடக்கக்கூடும். ஆகவே அத்தகைய தொட்டிகளுக்கு அந்த அடர்த்திக்கேற்பச் செய்யப்பட்ட கீழ் மிதவையைத் தனியே கேட்டு வாங்கிப் பொருத்த வேண்டும்.